தோற்போம் என்று தெரிந்தும் கிரடாக் ஏன் திரும்பவில்லை?

1914 நவம்பர் 1ஆம் தேதி மாலை, சிலி நாட்டின் கொரோனெல் துறைமுகத்துக்கு அப்பால், பிரிட்டிஷ் ரியர் அட்மிரல் சர் கிறிஸ்டபர் கிரடாக் தம்மைவிட வலிமையான ஜெர்மன் அணியோடு மோதினார். அவருடைய இரண்டு பெரிய கப்பல்கள் மூழ்கின. அவரோடு ஏறத்தாழ 1,600 பேர் இறந்தார்கள். "ஏறக்குறைய நாற்பதாண்டு கடல் அனுபவம் உள்ளவர், தோல்வி உறுதி என்று தெரிந்தும் ஏன் திரும்பிப் போகவில்லை? அது வீரமா, மூடத்தனமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், மெட்ராஸைத் தாக்கிய எம்டனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சண்டை எப்படி நடந்தது என்பது எந்த நூலிலும் கிடைக்கும். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு மனிதர் பதின்மூன்று வயதிலிருந்து பழகிய தொழில் அவரை அந்த மாலைக்கு எப்படிக் கொண்டுவந்து சேர்த்தது என்பதுதான் உங்கள் கேள்வி.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கடற்படையில் இருந்ததில்லை. 28 ஆண்டுகள் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தேன். அவற்றில் கடைசி 11 ஆண்டுகள் கேப்டனாக. பீரங்கிகளைப் பற்றி நான் அறிந்தது எல்லாம் படித்து அறிந்ததே. ஆனால் சிலிக் கரையோரக் கடலையும், அந்தி வெளிச்சத்தையும், வேகம் குறைந்த கப்பலோடு சேர்ந்து போகும் சங்கடத்தையும், கரையிலிருந்து வரும் தெளிவற்ற உத்தரவுகளையும் நேரில் அறிவேன். கிரடாக்கின் கதையில் இந்த நான்குமே முக்கியம்.

கிரடாக் 1862 ஜூலையில் யார்க்‌ஷரில் பிறந்தார். 1875இல் பயிற்சிக் கப்பலான பிரிட்டானியாவில் சேர்ந்தார். அது பாயும் நீராவியும் ஒரே கப்பலில் இருந்த காலம். அவர் வளர்ந்த கடற்படையில் ஓர் அதிகாரி மதிக்கப்பட்டது மூன்று காரணங்களுக்காக: கப்பலைக் கையாளும் திறமை, ஆட்களை நடத்தும் பாங்கு, கரையில் இறங்கிச் சண்டையிடும் துணிவு. மூன்றிலும் அவர் பெயர் வாங்கினார். 1891இல் சூடான் போர்க்களத்தில் இருந்தார். 1900இல் சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சியின்போது டாகு (Taku) என்ற இடத்தின் கோட்டைகளைப் பிடித்த தாக்குதலில் பிரிட்டிஷ் கடற்படையினரை முன்னின்று நடத்தினார். அதற்காக ஜெர்மன் பேரரசரும் அவருக்குப் பதக்கம் அளித்தார். அப்போது ஜெர்மானியர்களும் அதே அணியில் நின்று போரிட்டவர்கள். 1901இல் கேப்டன் ஆனார், 1910இல் ரியர் அட்மிரல் ஆனார். இடையில் மூன்று நூல்களும் எழுதினார். அவற்றில் ஒன்று, இளம் அதிகாரிகளுக்கான கப்பல் கையாளும் நுணுக்கங்களைப் பற்றியது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவருடைய பணிவாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி போரில் நடந்தது அல்ல. 1911 டிசம்பரில், டெல்லி என்ற பயணிகள் கப்பல் மொராக்கோவின் ஸ்பார்ட்டெல் முனை அருகே புயலில் தரைதட்டியது. பி அண்ட் ஓ நிறுவனத்துக்குச் சொந்தமான அந்தக் கப்பலில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சகோதரி, அவருடைய கணவர், இரண்டு மகள்கள் ஆகியோரும் இருந்தார்கள். கொந்தளிக்கும் கரையலையில் படகுகளை விட்டு ஆட்களை மீட்கும் வேலையைக் கிரடாக் நேரில் நின்று நடத்தினார். கரையலையில் படகு இறக்குவது என்றால் என்னவென்று கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ரியர் அட்மிரல் அந்த வேலையைக் கீழ் அதிகாரிகளிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடலில் உயிர்காத்த வீரத்துக்கான பதக்கமும் அரச விருதும் அவருக்குக் கிடைத்தன. ஆபத்து வந்தால் முன்னால் நிற்பது என்பது 1914இல் அவர் புதிதாக எடுத்த முடிவு அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த ஒழுங்கில்தான் அவர் வாழ்நாள் முழுவதும் ஓடியிருந்தது.

ஆனால் இதே காலத்தில் கடற்படை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. நெடுந்தொலைவிலிருந்து சுடும் பீரங்கிக் கலை, கம்பியில்லாத் தந்தி, லண்டனிலிருந்தே கப்பல்களை நகர்த்தும் பழக்கம் என எல்லாம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்தவை. முன்பெல்லாம் தொலைதூரக் கடலில் இருக்கும் அட்மிரலுக்குத் தலைமையகத்தின் கடிதம் வாரக்கணக்கில் தாமதமாக வரும். அதுவரை அவரே ராஜா. 1914இல் தந்தி வந்துவிட்டது. ஆனால் முழுமையாக வரவில்லை. லண்டனிலிருந்து வரும் செய்தி ஒரு துறைமுகத்துக்கோ பால்க்லாந்துத் தீவுகளுக்கோ போய், அங்கிருந்து கப்பலை எட்ட வேண்டும். கேள்வி கேட்டால் பதில் வரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களுக்குள் நிலைமையே மாறிவிடும். உத்தரவிடும் அதிகாரம் லண்டனுக்குப் போய்விட்டது, பொறுப்பு மட்டும் கடலிலேயே தங்கிவிட்டது. என் பார்வையில் கிரடாக்கின் முடிவுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த உத்தரவுகளைப் பார்ப்போம். இவை ஆவணங்களில் உள்ளவை, ஐயத்துக்கு இடமில்லாதவை. செப்டம்பர் 14 அன்று லண்டனில் இருந்த கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி கிரடாக்குக்குச் சொன்னது: ஜெர்மன் அட்மிரல் வான் ஸ்பேயின் ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் ஆகிய கவசக் குரூசர்கள் (தொலைதூரம் விரைந்து ஓடக்கூடிய, கவசமிட்ட போர்க்கப்பல்கள்) தென் அமெரிக்காவுக்கு வரக்கூடும்; அவற்றைச் சந்திக்கத் தக்க வலிமையோடு அணியைத் திரட்டுங்கள்; டிஃபென்ஸ் என்ற வலுவான குரூசர் மத்தியதரைக் கடலிலிருந்து வருகிறது; கனோபஸ் என்ற பழைய போர்க்கப்பலும் வருகிறது. அதே நாளில் ஸ்பே சமோவா தீவுகளுக்கு எதிரே தோன்றி, பார்ப்பவர்கள் காணும்படி வடமேற்காகப் போனார். லண்டன் அதை நம்பிவிட்டது. ஸ்பே எதிர்த்திசையில் போகிறார், கப்பல்களை ஒன்றாகத் திரட்டி வைக்கத் தேவையில்லை என்று இரண்டொரு நாளில் அடுத்த உத்தரவு வந்தது. டிஃபென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது. அது வராது என்பதைக் கிரடாக்குக்கு யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் ஸ்பே தென் அமெரிக்காவை நோக்கித்தான் வருகிறார் என்பது இடைமறித்த ஒரு கம்பியில்லாச் செய்தியால் தெரிந்தது. இப்போது வந்த உத்தரவு: எதிரியை ஒன்றாகச் சந்திக்கத் தயாராக இருங்கள், கனோபஸைச் சேர்த்துக்கொண்டு தேடுங்கள், வணிகத்தையும் காப்பாற்றுங்கள். இங்கேதான் சிக்கல். கனோபஸில் நான்கு 12 அங்குலப் பீரங்கிகள் இருந்தன. ஆனால் கப்பல் மிகப் பழையது, 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகாது என்று கிரடாக்குக்குச் சொல்லப்பட்டது. ஸ்பேயின் அணி 20 நாட்டுக்கு மேல் ஓடக்கூடியது. 12 நாட் கப்பலைக் கூட வைத்துக்கொண்டு 20 நாட் கப்பலைத் தேடிப்பிடிக்க முடியாது. அந்தக் கப்பலை விட்டுவிட்டுத் தேடினால் பிடிக்கலாம், ஆனால் வெல்ல முடியாது. "தேடு" என்பதும் "கனோபஸோடு இரு" என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்தன.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நடந்த ஒன்று நினைவுக்கு வரும். ஒருமுறை நான் வேலை செய்த நிறுவனத்திலிருந்து ஒரே செய்தியில் இரண்டு கட்டளைகள் வந்தன: குறித்த நாளுக்குள் துறைமுகத்தை அடையவும்; எரிபொருள் செலவு இன்ன அளவைத் தாண்டக்கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்காது என்பதைக் கணக்குப் போட்டு எழுதி அனுப்பினேன். "கேப்டனின் முடிவுக்கு விடுகிறோம்" என்று பதில் வந்தது. எது செய்தாலும் நான்தான் பொறுப்பு என்பதே அதன் பொருள். எனக்குப் போனது கொஞ்சம் எண்ணெயும் ஒரு விளக்கக் கடிதமும் மட்டுமே. கிரடாக்குக்கு வந்த செய்தியின் வடிவம் அதேதான், பந்தயம் மட்டும் வேறு.

அவர் கேள்வி கேட்காமல் இல்லை. அக்டோபர் 26ஐ ஒட்டி அவர் அனுப்பிய தந்தியின் சாரம்: கனோபஸின் மெதுவான வேகத்தால் எதிரியைத் தேடி அழிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது, அதனால் டிஃபென்ஸை வரச்சொல்லியிருக்கிறேன், கனோபஸை நிலக்கரிக் கப்பல்களுக்குக் காவலாக விடுகிறேன். அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், இந்தத் தந்தி மிகவும் தெளிவற்றது, கிரடாக் என்ன செய்ய நினைக்கிறார் என்று புரியவில்லை என அதன்மேல் குறிப்பு எழுதினார். நான் அந்தத் தந்தியை எத்தனையோ முறை படித்துவிட்டேன். ஒரு கப்பல்காரனுக்கு அதில் புரியாதது எதுவும் இல்லை. அவர் போரிடும் அணியிலிருந்து கனோபஸை எடுத்துவிட்டார், அதற்கு ஈடாக டிஃபென்ஸைக் கேட்கிறார். லண்டனில் அந்த வாரம் பெரும் குழப்பம் நிலவியது உண்மை. முதல் கடற்படைத் தளபதி பாட்டன்பெர்க் பதவி விலகினார், ஃபிஷர் அந்த இடத்துக்கு வந்தார். ஆனாலும் "உங்கள் தந்தி புரியவில்லை, விளக்குங்கள்" என்று ஒரு வரியாவது திருப்பி அனுப்பியிருக்கலாம். டிஃபென்ஸ் அவரோடு சேரலாம், கனோபஸை விட்டுப் பிரிய வேண்டாம் என்ற தெளிவான உத்தரவு, அவர் இறந்த பிறகுதான் புறப்பட்டது.

இனி ட்ரூபிரிட்ஜ் விவகாரம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கிரடாக்கைப் புரிந்துகொள்ள முடியாது. 1914 ஆகஸ்டில் ரியர் அட்மிரல் எர்னஸ்ட் ட்ரூபிரிட்ஜ் நான்கு கவசக் குரூசர்களோடு மத்தியதரைக் கடலில் இருந்தார். கோபென் என்ற ஜெர்மன் போர்க் குரூசர் (கவசக் குரூசரைவிடப் பெரியது, வலியது) அவர் எட்டும் தொலைவில் துருக்கியை நோக்கி ஓடியது. தம் பீரங்கிகள் எட்டும் தொலைவுக்கு நெருங்குமுன்பே அதன் பத்து 28 சென்டிமீட்டர் பீரங்கிகள் தம் கப்பல்களை அடித்துவிடும் என்று கணக்கிட்டு, ட்ரூபிரிட்ஜ் தாக்காமல் விலகினார். தம்மைவிட வலிய படையோடு மோத வேண்டாம் என்ற உத்தரவும் அவர் கையில் இருந்தது. ஆனாலும் செப்டம்பரில் அவர் நாட்டுக்கு அழைக்கப்பட்டார், விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார், எதிரியைத் துரத்தத் தவறினார் என்று கடற்படை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டார். கணக்கைச் சரியாகப் போட்டவர் கோழை என்று பேசப்பட்டார். கிரடாக் இதை அறிந்திருந்தார் என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. தாம் இறந்தால் நண்பர் அட்மிரல் ஹெட்வர்த் மியூக்ஸுக்கு அனுப்பும்படி, பால்க்லாந்துத் தீவுகளின் ஆளுநரிடம் ஒரு கடிதத்தை விட்டுச் சென்றார். ட்ரூபிரிட்ஜுக்கு நேர்ந்த கதி தமக்கு நேராமல் பார்த்துக்கொள்வேன் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார்.

இந்தப் பின்னணியோடு நவம்பர் 1க்கு வருவோம். கிரடாக்கிடம் இருந்தவை: அவர் இருந்த கொடிக்கப்பல் குட் ஹோப், கவசக் குரூசர் மான்மத், இலகு குரூசர் கிளாஸ்கோ, பீரங்கி பொருத்திய பயணிகள் கப்பல் ஒட்ரான்டோ. குட் ஹோப்பும் மான்மத்தும் போர் மூண்டபோது சேமப்படையினரை ஏற்றி அவசரமாகக் கடலுக்கு அனுப்பப்பட்டவை. எதிரே இருந்த ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பழகிய ஆட்களைக் கொண்டவை, ஜெர்மன் கடற்படையின் சுடும் போட்டிகளில் பரிசு வாங்கியவை. ஒரு பக்கமாகச் சுட்டால் அவை இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு 21 சென்டிமீட்டர் பீரங்கிகளைப் பயன்படுத்தலாம். கிரடாக்கிடம் அந்தத் தரத்தில் இருந்தவை குட் ஹோப்பின் முன்னும் பின்னும் இருந்த இரண்டு 9.2 அங்குலப் பீரங்கிகள் மட்டுமே. குட் ஹோப், மான்மத் இரண்டிலும் 6 அங்குலப் பீரங்கிகள் பல நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளத்தில் இருந்தன. எதிரலையில் பீரங்கி நீட்டும் துளைகளைத் திறந்தால் தண்ணீர் உள்ளே பாயும். நவம்பரில் அந்தக் கரையில் நான் சரக்கு ஏற்றப் போயிருக்கிறேன். தெற்கிலிருந்து ஓயாமல் வரும் நீண்ட அலையில், பெரிய சரக்குக் கப்பலின் முன்தளத்திலேயே நீர் ஏறி ஓடும். அன்று காற்றும் பலமாக இருந்தது.

அன்று பிற்பகல் இரு தரப்புமே ஏமாந்திருந்தன. ஸ்பே தம் கம்பியில்லாச் செய்திகளை எல்லாம் லைப்ஜிக் என்ற ஒரே கப்பலின் அழைப்புக் குறியில் அனுப்பச் செய்திருந்தார். ஆகவே தனியாக ஓர் இலகு குரூசரைத்தான் துரத்துகிறோம் என்று கிரடாக் நினைத்தார். கிளாஸ்கோ கொரோனெலில் தனியாக நிற்கிறது, அதைப் பிடிக்கலாம் என்று ஸ்பே வந்தார். மாலை நான்கரைக்குச் சற்று முன் கிளாஸ்கோ புகையைக் கண்டது. அருகே போய்ப் பார்த்தால் இரண்டு கவசக் குரூசர்கள். கனோபஸ் அப்போது ஏறத்தாழ 300 கடல் மைல் தெற்கே இருந்தது.

அப்போது திரும்பியிருக்க முடியுமா? முடியும் என்பது என் கணிப்பு. சூரியன் மறைய இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமே இருந்தது. எதிரி இன்னும் சுடும் தொலைவுக்கு வரவில்லை. தென்மேற்காகத் திரும்பி, மெதுவான ஒட்ரான்டோவைத் தனியே மேற்கே அனுப்பிவிட்டு, இருட்டும்வரை தாக்குப்பிடித்தால், விடியும்போது கனோபஸை நெருங்கியிருக்கலாம். கனோபஸ் வடக்கே வர, இவர் தெற்கே போக, 300 மைல் இடைவெளி ஓர் இரவில் அடைபடும். இந்தக் கணக்கைப் போட எந்தக் கேப்டனுக்கும் இரண்டு நிமிடம் போதும், கிரடாக்குக்கு அதுவும் தேவைப்பட்டிருக்காது. ஆகவே அவருக்குத் தப்பும் வழி தெரியவில்லை என்று சொல்வது சரியல்ல. அந்த வழியில் போனால் ஸ்பே மறுபடியும் பசிபிக்கின் பரப்பில் மறைந்துவிடுவார். பிறகு லண்டன் கேட்கும்: கண்ணில் பட்ட எதிரியை ஏன் விட்டீர்கள்? ட்ரூபிரிட்ஜிடம் கேட்கப்பட்டதும் இதே கேள்விதான்.

அவர் சாவைத் தேடிப் போனார் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. அவர் செய்ததைக் கவனியுங்கள். இரு அணிகளும் தெற்கு நோக்கி இணையாக ஓடின, பிரிட்டிஷ் கப்பல்கள் மேற்கே, ஜெர்மன் கப்பல்கள் கிழக்கே கரைப்பக்கம். மாலை ஆறு மணியளவில், தாழ்ந்த சூரியன் தம் முதுகுக்குப் பின்னால் இருந்து ஜெர்மன் குறிபார்ப்பவர்களின் கண்ணைக் கூசச் செய்யும்போதே நெருங்கிவிட வேண்டும் என்று எதிரியை நோக்கித் திரும்பினார். குறைந்த தொலைவில் அவருடைய 6 அங்குலப் பீரங்கிகளும் பயன்படும். அது நல்ல உத்தி. ஸ்பே அதைப் புரிந்துகொண்டு, வேகத்தைப் பயன்படுத்தி விலகியே நின்றார். 6.18க்குக் கிரடாக் கனோபஸுக்குச் செய்தி அனுப்பினார்: இப்போது எதிரியைத் தாக்கப் போகிறேன். நேரம் ஓடியது. ஏழு மணியை நெருங்கும்போது சூரியன் மறைந்தது.

கப்பலில் நட்சத்திரங்களை வைத்து இடம் கணக்கிட்டவர்களுக்கு அந்தப் பத்து இருபது நிமிடங்கள் நன்றாகத் தெரியும். சூரியன் மறைந்த பிறகும் மேற்கு அடிவானம் வெகுநேரம் கத்தியால் கீறியதுபோல் தெளிவாக இருக்கும். கிழக்கு அடிவானம் அதற்குள் சாம்பலாகிக் கரைந்துவிடும். மாலையில் கிழக்கே உள்ள நட்சத்திரத்தை முதலில் அளந்துவிட வேண்டும், மேற்கே உள்ளது காத்திருக்கும் என்று புதிதாக வரும் அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். அதே வெளிச்சத்தில் கிரடாக்கின் கப்பல்கள் செம்மஞ்சள் வானத்தின் முன் கரிய உருவங்களாக நின்றன. ஜெர்மன் கப்பல்கள் சிலி மலைகளின் இருட்டில் கலந்தன. ஸ்பே அதற்காகவே காத்திருந்தார். ஏழு மணியளவில் சுடத் தொடங்கினார். ஷார்ன்ஹோர்ஸ்டின் மூன்றாவது வீச்சு குட் ஹோப்பின் முன் பீரங்கியைச் செயலிழக்கச் செய்தது. எட்டு மணிக்குச் சற்று முன் குட் ஹோப் பெரும் வெடிப்போடு ஒளிர்ந்து, பிறகு யார் கண்ணிலும் படவில்லை. சாய்ந்தபடி தள்ளாடிய மான்மத்தை நூர்ன்பெர்க் என்ற ஜெர்மன் குரூசர் ஒன்பது மணியளவில் கண்டது. மான்மத்தின் கொடிமேல் விளக்கொளியைப் பாய்ச்சி, சரணடைவதற்கு அடையாளமாக அது கொடியை இறக்கும் என்று காத்திருந்தது. கொடி இறங்கவில்லை. இரண்டு கப்பல்களிலிருந்தும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. குட் ஹோப்பில் கனடாவைச் சேர்ந்த நான்கு பயிற்சி அதிகாரிகள் இருந்தார்கள். கனடியக் கடற்படையின் முதல் போர்ப் பலி அவர்கள்தான். ஜெர்மன் பக்கம் காயமடைந்தவர்கள் மூன்று பேர்.

ஒருவரும் பிழைக்காததால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் கிரடாக் தம் கப்பலின் மேல்தளத்தில் என்ன பேசினார், என்ன நினைத்தார் என்பதற்குச் சாட்சி கிடையாது. கிளாஸ்கோவிலிருந்து பார்த்தவர்களின் பதிவுகளும், அனுப்பப்பட்ட செய்திகளும், முன்பே எழுதிய கடிதங்களுமே நம்மிடம் உள்ளன. அவருடைய கடைசிப் பேச்சு என்று நாடகத்தனமாக எங்கேனும் படித்தால் அது கற்பனை. உத்தரவுகள் முரணானவை என்பது உறுதி. ட்ரூபிரிட்ஜின் கதி அவர் மனத்தில் இருந்தது உறுதி. நெருங்கிச் சண்டையிட முயன்றது உறுதி. இவற்றில் எது அவரை இறுதியாகத் தள்ளியது என்பது ஊகம். 1916இல் யார்க் தேவாலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் திறந்துவைத்த, அப்போதைய கடற்படை அமைச்சர் பால்ஃபோர், தளம் எதுவும் இல்லாத கடலில் எதிரியைச் சேதப்படுத்தினாலே போதும், பிறகு அவனால் இயங்க முடியாது என்று கிரடாக் கணக்கிட்டிருக்கலாம் என்று சொன்னார். அந்த விளக்கத்தில் ஓரளவு பொருள் உண்டு. ஸ்பேயின் இரண்டு பெரிய கப்பல்களும் அன்று ஒரே மாலையில் தம் கனரகக் குண்டுகளில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் செலவழித்தன, அவற்றை நிரப்ப அந்தப் பெருங்கடலில் வழியே இல்லை. சர்ச்சில் பிற்காலத்தில் எழுதியபோது, கனோபஸை விட்டுப் பிரிந்ததே தவறு, அது ஒரு கோட்டையாக இருந்திருக்கும் என்றார். எனக்கு அது ஏற்புடையது அல்ல. கோட்டைக்குள் ஒதுங்கலாம், கோட்டையைத் தூக்கிக்கொண்டு துரத்த முடியாது. துரத்தச் சொன்னவர்களும் அவர்களே.

கனோபஸ் பற்றிய ஒரு செய்தி இன்றும் என்னை உறுத்துகிறது. அந்தக் கப்பலின் தலைமைப் பொறியாளர் மனநலம் குன்றியிருந்தார். இயந்திரங்கள் மோசம் என்று அவர் கொடுத்த அறிக்கையை நம்பித்தான் 12 நாட் என்ற கணக்கு வந்தது. உண்மையில் அது 15, 16 நாட் வரை ஓடக்கூடியது. ஒட்ரான்டோவின் வேகமே அவ்வளவுதான். கப்பல் பால்க்லாந்திலிருந்து புறப்பட்ட பிறகுதான் அதன் கேப்டனுக்கு இது தெரியவந்தது. அவர் அதைக் கிரடாக்குக்குத் தெரிவிக்கவில்லை. கடலில் ஒரு தவறான எண் செய்யும் கேடு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். கிரடாக் செய்தது தவறான முடிவு. ஆயிரத்து அறுநூறு பேரின் உயிரைக் கணக்கில் வைத்தால் வேறு விதமாகச் சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால் அந்தத் தவறு முழுக்க அவருடையது அல்ல. விலகிப்போன அதிகாரியை நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டு, போதாத கப்பல்களோடு இன்னொருவரைத் தேடச் சொன்ன அமைப்பு அந்த முடிவின் பாதியை முன்பே எடுத்துவிட்டது. கொரோனெல் செய்தி லண்டனை எட்டியது நவம்பர் 4 அன்று. அடுத்த நாள் ட்ரூபிரிட்ஜின் விசாரணை தொடங்கியது. தமக்கு வந்த உத்தரவின்படி நடந்தார் என்று அவர் விடுதலை செய்யப்பட்டார். ஆனாலும் கடலில் கப்பல் அணி எதுவும் அவருக்கு மீண்டும் தரப்படவில்லை. ஸ்பேயும் அதிக நாள் இருக்கவில்லை. லண்டன் இந்த முறை இரண்டு போர்க் குரூசர்களை அனுப்பியது. டிசம்பர் 8 அன்று பால்க்லாந்து அருகே அவரும், வேறு கப்பல்களில் பணியாற்றிய அவருடைய இரண்டு மகன்களும் இறந்தார்கள். அன்று முதலில் சுட்டது, ஸ்டான்லி துறைமுகச் சேற்றில் வேண்டுமென்றே தரைதட்டி நிறுத்தப்பட்டிருந்த கனோபஸ்.

எம்டன் பற்றி. நேரடித் தொடர்பு உண்டு. நம் வீடுகளில் கண்டிப்பான ஆளை இன்றும் "எம்டன்" என்று சொல்கிறோமே, அந்தக் கப்பல் ஸ்பேயின் அணியைச் சேர்ந்தது. 1914 ஆகஸ்ட் 13 அன்று பசிபிக்கில் உள்ள பாகன் தீவில் ஸ்பே தம் கேப்டன்களைக் கூட்டினார். இந்தியப் பெருங்கடலுக்கு முழு அணியோடு போனால் இவ்வளவு கப்பல்களுக்கு நிலக்கரி கிடைக்காது; தென் அமெரிக்காவில் கிடைக்கும். ஆகவே கிழக்கே போவது என்று முடிவாயிற்று. ஒரு கப்பல் மட்டும் என்றால் பிடிக்கும் கப்பல்களிலிருந்தே நிலக்கரி எடுத்துச் சமாளிக்கலாம் என்று எம்டனின் கேப்டன் கார்ல் வான் முல்லர் கேட்டுக்கொண்டார்; ஸ்பே அனுமதித்தார். செப்டம்பர் 22 இரவு எம்டன் மெட்ராஸ் துறைமுகத்தில் பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அதே தேதியில் ஸ்பே தாஹிட்டித் தீவின் பப்பீட் துறைமுகத்தைத் தாக்கினார். சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. ஸ்பே கொரோனெலுக்குப் போனதும், எம்டன் மெட்ராஸுக்கு வந்ததும், பாகன் தீவில் அந்த ஒரே நாளில் போட்ட நிலக்கரிக் கணக்கின் விளைவுகள்.